இடி வாங்கும் பட்டி

சூசைத்துறையில் மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி வாரத்தில், மேற்குக் காற்று மணலை அள்ளிவந்து எல்லார் சோற்றிலும் ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் போன நாட்களில், ஃபைபர் வேலை பார்க்கும் கிளாடிஸ், ‘கொண்டல்’ என்ற பாய்ப்படகின் விளிம்பில் இருந்த பழைய ரப்பர் பட்டியை உருவத் தொடங்கினாள். அது ஐந்து நாள் வந்துகொண்டே இருந்தது.

கொண்டல் பல்தசாரின் படகு. பல்தசார் முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில் பைலட்டாக இருந்தவர். வெளிநாட்டிலிருந்து வரும் பெரிய கப்பல்களில் ஏறி நின்று, துறைமேடையில் இடிக்காமல் உள்ளே கொண்டுவந்து கட்டுவதுதான் அவர் வேலை. அத்தனை வருடமும் அடுத்தவர் கப்பலை உள்ளே கொண்டுவந்தவருக்கு, ஓய்வு பெற்றதும் சொந்தப் படகில் வெளியே போகவேண்டும் என்று தோன்றியதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. இருபத்தாறு அடிப் படகு, ஒரு பாய்மரம், உள்ளே ஒருவர் காலை மடக்கிப் படுக்க இடம். படகின் உடம்பு எங்கே அகலமாக இருக்கிறதோ அந்த வரியில், காடி என்று சொல்லும் அலுமினியப் பள்ளத்துக்குள், கட்டைவிரல் தடிமனுக்கு ரப்பர் பட்டி சுற்றி ஓடும். மேடையில் இடித்தாலும் பக்கத்துப் படகு உரசினாலும் முதல் அடியை வாங்கிக்கொள்வது அதுதான். இருபது வருட வெயில் தின்று அது வெடித்துப் போயிருந்தது. தொட்டால் கையெல்லாம் கரி.

“புதுசு கொச்சியில சொல்லியிருக்கேன், வரட்டும்,” என்றார் பல்தசார். “அதுக்குள்ள பழசை எடுத்துட்டுக் காடியைச் சுத்தம் பண்ணி வச்சிருங்க கிளாடிஸ். ரெண்டு பக்கமும் பின்னாடியும் சேர்த்து அறுபது அடி இருக்கும்.”

கிளாடிஸுக்கு நாற்பத்து நான்கு வயது. கணவன் ரெமிஜியூஸ் சரக்குக் கப்பலில், வருடத்தில் ஒன்பது மாதம் ஊரில் இல்லை. பழைய ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் அவளுடைய கொட்டகை. உடைந்த படகுகளுக்கு ஒட்டுப்போட்டுப் போட்டு அவள் புடவையிலிருந்து ஃபைபர் பசையின் வாசனை போவதே இல்லை. அவள் பின்பக்கத்து மூடியைக் கழற்றினாள், துருப்பிடித்த திருகாணியை மண்ணெண்ணெய் விட்டு இளக்கினாள், பட்டியின் நுனியைக் குறடால் பிடித்து இழுத்தாள். வந்தது. இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னால் நடந்தாள்; மரவள்ளிக்கிழங்குத் தோல் உரிவதுபோல் காடியை விட்டு உரிந்து வந்தது. வலது பக்கம் முடிந்து, மூக்கு முனை சுற்றி, இடது பக்கம் முடிந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தாள். பட்டி இன்னும் வந்தது. இரண்டாம் சுற்று நடந்தாள், மூன்றாம் சுற்று நடந்தாள், சாப்பாட்டு மணி அடித்தது, கையைக் கழுவிக்கொண்டு பல்தசாருக்குப் போன் போட்டாள்.

“ஐயா, முடியலை.”

“என்ன, கஷ்டமா இருக்கா?”

“கஷ்டம் இல்லை. ரப்பர் முடியலை.”

பல்தசார் வந்தார். குனிந்து பார்த்தார், படகை ஒருதரம் சுற்றி வந்தார், மணலில் சுருண்டு கிடந்த பட்டியைச் செருப்புக் காலால் மெல்லத் தள்ளிப் பார்த்தார். “சரி, வர்ற வரைக்கும் வரட்டும்,” என்று சொல்லிவிட்டு மோர் குடிக்கப் போனார்.

வந்தது. முதல் அறுபது அடி வெடிப்பும் உப்புமாக இருந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் புத்தம் புதிதாக, ஈரமான எருமை முதுகுபோல் கறுத்து, டயர்க் கடை வாசலில் வரும் வாசனையோடு வந்தது. கிளாடிஸ் இழுத்தாள், அவள் களைத்தால் வலை பின்னும் வேலைகூட இல்லாமல் இருந்த ஆட்கள் இழுத்தார்கள், தேருக்கு வடம் பிடிப்பதுபோல் வரிசையில் நின்று இழுத்தார்கள், உடைமரத்தடியில் சுருள்மேல் சுருளாக அது மனிதன் உயரத்துக்கு எழுந்தது. ஆறாம் நாள் காலையில், மருந்துப் புட்டியின் மூடி கழல்வதுபோல் ஒரு சின்னச் சத்தம். நுனி வெளியே வந்து விழுந்தது. கிளாடிஸ் அதைப் பார்த்துவிட்டுப் பிளாஸ்டிக் சுரண்டியை எடுத்து, காடியில் இறுகியிருந்த பழைய பசையைச் சுரண்ட உட்கார்ந்தாள். வேலை என்றால் வேலை.

முதலில் கேட்டு வந்தவர் மீன் ஏலம் விடும் கஸ்பார். ஏலமேசையில் பெட்டிகள் இடித்து விளிம்பு பெயர்ந்திருந்தது. பத்து முழம் அறுத்துக்கொண்டு போய் ஆணி அடித்தார். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பிய முதல் நாள், அந்த மேசையைச் சுற்றி ஒரு சண்டையும் நடக்கவில்லை. ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான், அது எதிராளியின் நெஞ்சுவரை வந்து, ரப்பர் பந்துபோல் மெல்ல எம்பி, இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவன் பீடி எடுத்தான், மற்றவன் தீப்பெட்டி எடுத்தான்.

அதற்குப் பிறகு யாரும் விளக்கம் கேட்கவில்லை. தண்ணீர்க் குழாயடிக்கு ஐந்து முழம் போனது. அங்கே ஏழு வருடமாகப் பேசாத இரண்டு ஓரகத்திகள் குடத்தோடு குடம் இடித்துச் சிரித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடப் படிக்கட்டுக்குப் போனது. பிள்ளைகள் மேல்படியிலிருந்து வேண்டுமென்றே விழுந்து எம்பி எழுந்தார்கள். ஊர்க்கமிட்டி கூடி வீட்டுக்கு இருபது அடி என்று தீர்மானம் போட்டது, கோயில் உபதேசியார் முழக்கோலோடு நின்று அளந்து கொடுத்தார். வாசல்படிக்கும், கட்டிலுக்கும், அடுப்புத் திண்டுக்கும் பட்டி அடித்த வீடுகளில் பாத்திரம் விழுந்தால் சத்தம் வரவில்லை, கதவு அறைந்தால் அறையவில்லை, மாமியார் சொன்னது மருமகளின் காதோரம் வழுக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகக் கடலுக்குப் போனது. பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் நரகத்தைப் பற்றிப் பேசினார். ஜனங்கள் தாலாட்டுக் கேட்பதுபோல் கேட்டார்கள். அந்தக் கோடையில் சூசைத்துறை முழுக்க ஒரு பகல் தூக்கத்தில் இருந்தது. காற்று மட்டும் அடித்தது, அதுவும் பஞ்சு வைத்து அடித்தது.

கிளாடிஸ் தன் வீட்டுக்கு அடிக்கும் முன்னால் தங்கை ஜெசிந்தாவின் வீட்டுக்குத்தான் அடித்தாள்.

ஜெசிந்தாவின் கணவன் அந்திரேயாஸைக் கெட்டவன் என்று ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கோயில் சப்பரம் தூக்க முதலில் தோள் கொடுப்பவன், வலை கிழிந்தவனுக்குத் தன் வலையைக் கொடுப்பவன். ஆனால் வீட்டுக்குள் அவன் கை நீட்டுவான். ஜெசிந்தா சித்திரை வெயிலிலும் முழங்கைவரை மூடிய ரவிக்கை போடுவதைப் பார்த்துப் பார்த்து கிளாடிஸ் ஒன்றும் கேட்காமல் இருந்தாள். கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்துக் கேட்காமல் இருந்தாள், கேட்காமல் இருந்ததே பழகிப்போய்க் கேட்காமல் இருந்தாள். இப்போது அவள் கையில் பட்டி இருந்தது, ஆணி இருந்தது, சுத்தியல் இருந்தது. வாசல், கட்டில், அடுப்புத் திண்டு, அலமாரி முனை, ஒன்று விடாமல் அடித்தாள். அந்திரேயாஸ் வெளியே நின்று, “நல்லா நெருக்கி அடிங்க மதினி, காத்துல பிச்சுக்கிட்டுப் போயிரும்,” என்று ஆணி எடுத்துக் கொடுத்தான்.

மறுநாளே அவன் கையை ஓங்கினான். கை இறங்கிற்று, ஜெசிந்தாவைத் தொடுமுன் வழுக்கிப் பக்கவாட்டில் போயிற்று. அந்திரேயாஸ் தன் கையைப் பார்த்தான். சிரித்துவிட்டு உட்கார்ந்து, தட்டை இழுத்துச் சாப்பிட்டான். இன்னும் பலதரம் ஓங்கினான், பலதரமும் வழுக்கியது, பிறகு ஓங்கும் எண்ணமே அவனுக்கு மறந்துபோயிற்று. பத்து வாரம் அவர்கள் நன்றாக இருந்தார்கள். மீன் சாப்பிடும்போது முள்ளெடுத்து அவள் தட்டில் வைத்தான்.

“எப்படிட்டி இருக்கே?” என்று ஒருநாள் தன் வீட்டுக்கு வந்தவளிடம் கிளாடிஸ் கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கேன் அக்கா. அவர் முள்ளெடுத்துத் தாரார், நான் திங்கிறேன்.” என்றாள் ஜெசிந்தா. “ஆனா அது பக்கத்து வீட்டுல நடக்குற மாதிரி இருக்கு.”

கிளாடிஸ் அதைக் காதில் வாங்கினாள். அவள் வீட்டு வாசலிலும் அப்போது பட்டி இருந்தது, அதனால் அது அவளுக்குள் போகவில்லை.

ஆவணி பிறந்த வாரத்தில் அந்திரேயாஸின் படகு கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் மண்ணெண்ணெய்க் கேனைக் கட்டிக்கொண்டு மிதந்து பிழைத்தார்கள். அவன் வரவில்லை, தேடிப் போன பதினான்கு படகுகளும் வெறும் கையோடு வந்தன. பிழைத்தவர்கள் ஈரத்துணியோடு ஜெசிந்தாவின் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார்கள். சொன்னது படியேறி வந்தது, பட்டியில் பட்டது, மெல்லத் திரும்பிப் போயிற்று. “அப்படியா,” என்று ஜெசிந்தா கேட்டுக்கொண்டு, அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள்.

பெண்கள் கூடினார்கள். மாரில் அடித்துக்கொள்ளக் கை தூக்கினார்கள், கை மாரில் படாமல் எம்பியது. ஒப்பாரியை எடுத்தாள் ஒருத்தி. முதல் வரிக்குப் பிறகு அது கும்மிப் பாட்டுபோல் ஆயிற்று, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாள். உடல் கிடைக்காததால் அவன் சட்டையைப் பெட்டியில் வைத்துப் பூசை வைத்தார்கள், சாமியார் ஜெபம் சொன்னார், யார் கண்ணிலும் ஒரு சொட்டு இல்லை. காப்பி குடித்தார்கள், போனார்கள். ஊரில் அன்றுதான் சிலர் தங்கள் வாசல்படியைக் கொஞ்சம் நேரம் நின்று பார்த்தார்கள்.

நான்காம் நாள் ஜெசிந்தா கொட்டகைக்கு வந்தாள்.

“அக்கா, அந்தப் பட்டியைக் கழத்தித் தா.”

“எதுக்குட்டி?”

“அழணும்.”

கிளாடிஸ் கையில் இருந்த அசிட்டோன் துணியைக் கீழே வைத்தாள். கொட்டகைக்குப் பட்டி அடிக்கவில்லை. அங்கே நிற்கும்போது அந்தச் சொல் அவளுக்குள் நேராக இறங்கியது. நெம்புகோலையும் உளியையும் எடுத்துக்கொண்டு தங்கையோடு நடந்தாள்.

கட்டில் விளிம்பில்தான் முதலில் நெம்பினாள். பட்டியின் மேல்பக்கம் வழவழவென்று, ஒரு கீறல் இல்லை. ஒரு சாண் தூக்கி உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே குழிகள் இருந்தன. ஒரு ஆணின் உள்ளங்கை அகலத்தில், சில விரல் மடித்த முட்டியின் அகலத்தில், மாவில் பதிந்ததுபோல். கிளாடிஸ் அடுப்புத் திண்டு, அலமாரி, வாசல் என்று ஒவ்வொன்றாக நெம்பித் தூக்கிப் பார்த்து எண்ணினாள். இருபத்து மூன்று.

“ஜெசிந்தா, இங்க பாரு. போனது எதுவும் போகலை. எல்லாம் இதுக்குள்ள இருக்கு. கழத்துனா அழுகை மட்டும் வராது. அவன் ஓங்குனதும் வரும்.”

ஜெசிந்தா ஒரு குழியில் தன் கையை வைத்துப் பார்த்தாள். அவள் கை அதற்குள் சின்னதாக இருந்தது.

“ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்து வந்ததுதானே,” என்றாள். “சேர்ந்தே வரட்டும்.”

“வேண்டாம்ட்டி.”

“நீ கழத்தலைன்னா நான் அருவாமனையால வெட்டுவேன்.”

கிளாடிஸ் தங்கையைத் தரையில் உட்காரவைத்து, அவள் முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு, வாசலிலிருந்து தொடங்கிக் கழற்றினாள். ஆணி ஒவ்வொன்றும் பிடுங்கப்படும்போது ஜெசிந்தாவின் உடம்பில் ஒரு இடம் நீலம் பாரித்தது. தோளில் ஒன்று, முழங்கையில் ஒன்று, விலாவில் வரிசையாக நான்கு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வந்தபோது மட்டும் “அம்மா” என்றாள். கடைசி ஆணி கட்டில் காலில் இருந்தது. அது வெளியே வந்ததும் பட்டி முழுவதும் தரையில் தொய்ந்து விழுந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. அப்போது ஜெசிந்தா அழுதாள். மூன்று நாள் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தது எல்லாம் ஒன்றாக உள்ளே வந்ததுபோல் அழுதாள். சுவரில் மாட்டியிருந்த மாதாவின் படம் ஆடிற்று, குழாயடியில் நின்றவர்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள், வந்தவர்கள் வாசலைத் தாண்டியதும் அவர்களுக்கும் அழுகை வந்தது. அந்திரேயாஸுக்காக அன்றைக்குத்தான் சூசைத்துறை அழுதது.

கிளாடிஸ் வீட்டுக்குப் போய், தன் வாசலையும் நெம்பினாள். உள்பக்கத்தில் ஒரே ஒரு குழி. மற்றவற்றைப்போல் கையின் வடிவத்தில் இல்லை, அதற்கு ஒரு வடிவமும் இல்லை. ஆழம் மட்டும் இருந்தது. ஆணியைப் பிடுங்கினாள். பிறகு வாசல்படியில் உட்கார்ந்து, முழங்கைவரை மூடிய அந்த ரவிக்கைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்: மஞ்சள், பச்சை, பூப்போட்டது. அந்திரேயாஸின் கையைப் போய்ப் பிடித்திருக்கலாம். ஒருதரமாவது அவன் வீட்டு நடுவில் நின்று சத்தம் போட்டிருக்கலாம். அதற்குப் பதில் ஆணி அடித்தாள். அதையும் அவனிடமே வாங்கி அடித்தாள்.

ஊர் இதை எடுத்துக்கொண்டது எப்படியென்றால், அவசரப்படவில்லை. வேண்டும் என்றவர்கள் கிளாடிஸிடம் வந்து நாள் சொன்னார்கள். ஒரு வீட்டுக்குக் கழற்றும் நாளில் பக்கத்து மூன்று வீட்டுக்காரர்கள் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். ஆணி வரவர அந்த வீட்டுக்காரர் திட்டினார், விம்மினார், பத்து வாரத்துக்கு முந்திய பல்வலியில் கன்னத்தைப் பிடித்தார், சிலர் எதற்கென்றே தெரியாமல் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கஸ்பார் தன் பேரன் பிறந்த செய்தியை எட்டு வாரம் கழித்து அப்போதுதான் கேட்டு, தெருவில் இறங்கி எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கினார். குழாயடியில் ஓரகத்திகள் ஒரு வாரம் சண்டை போட்டார்கள், அதன் பிறகு பேசிக்கொண்டார்கள். கழற்ற மாட்டோம் என்றவர்களும் ஏழெட்டு வீட்டில் இருந்தார்கள். வயிற்றுவலிக்காரர் ஒருவர், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி. அவர்களை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கிளாடிஸ் போய், தளர்ந்த ஆணிகளை இறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

புரட்டாசி நடுவில் கொச்சியிலிருந்து புதுப் பட்டி வந்தது. சரியாக அறுபத்து நான்கு அடி. கிளாடிஸ் அதை வெயிலில் நீட்டிப் போட்டு இளக்கினாள், காடியை இன்னொருதரம் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினாள், அசிட்டோன் தொட்டுத் துடைத்தாள், விரலை உள்ளே விட்டு ஓட்டிப் பார்த்தாள். ஒரு மணல்கூட இல்லை. ஜெசிந்தா எதிர்ப்பக்கம் நின்று பட்டியைத் தாங்கிப் பிடித்தாள். அவள் முழங்கையில் நீலம் மஞ்சளாகி, இன்னும் போகாமல் இருந்தது. கையில்லாத ரவிக்கைதான் போட்டிருந்தாள், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று.

“இழுத்துப் பிடிக்காத. இழுத்து வச்சா அப்புறம் சுருங்கிரும்,” என்றாள் கிளாடிஸ். ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி ஏற்றிக்கொண்டே போனாள். மூக்கு முனை வளைவில் வந்தபோது நிறுத்தினாள்.

“நான் வந்து கேட்டிருக்கணும்ட்டி.”

ஜெசிந்தா பட்டியைப் பார்த்துக்கொண்டே, “ஆமா,” என்றாள். “கேட்டிருக்கணும்.”

அவ்வளவுதான் பேச்சு. கிளாடிஸ் வாங்கிக்கொண்டாள். சுத்தியல் மறுபடி தட்டத் தொடங்கியது.

படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று காலையில் ஜெசிந்தா மஞ்சள் செவ்வந்தி ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு மேடைக்கு வந்து, “பைலட் ஐயா, அவர் முங்குன இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா?” என்று கேட்டாள். அந்த ஊரில் பெண்கள் கடலுக்குப் போவதில்லை. பல்தசார் கையை நீட்டினார், அவள் ஏறினாள், கிளாடிஸும் ஏறினாள்.

மேற்குக் காற்று செத்து, கிழக்கில் மெல்லக் கிளம்பியிருந்த நேரம். பாய் ஒருதரம் படபடத்து நிறைந்தது. கரையிலிருந்து ஏழு மைல் போனதும் பல்தசார் பாயைத் தளர்த்திவிட்டு, “இங்கதாம்மா,” என்றார். தண்ணீர் எங்கும் போல்தான் இருந்தது.

ஜெசிந்தா எழுந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை ‘நீங்க’ என்று மட்டும் கூப்பிட்டவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்து, “ஏ, கேளு நீ,” என்றாள். தோளைக் காட்டினாள். “இது, கொழம்புல புளி கூடிப்போச்சுன்னு.” விலாவைக் காட்டினாள். “இது, உன் தம்பி வந்தப்ப நான் சிரிச்சேன்னு. இது, அக்கா வீட்டுல இருந்து வர நேரமாச்சுன்னு.” ஒவ்வொன்றாகச் சொன்னாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவைப் போட்டாள். சிலவற்றுக்குக் காரணம் இல்லை. “இது எதுக்குன்னு எனக்குத் தெரியலை. உனக்கும் தெரியாது.” அதற்கும் ஒரு பூ. இருபத்து மூன்றும் சொல்லி முடித்தாள். பை இன்னும் காலியாகவில்லை. அவள் பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“முள்ளெடுத்துத் தந்தியே பாவி, அதை ஒருநாள் கூட நான் ருசிச்சுத் திங்கலியே.”

மீதிப் பூ முழுவதையும் கொட்டினாள். பல்தசார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். கிளாடிஸ் தங்கையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், வலிக்கிற இடம் எங்கே இருக்கும் என்று தெரியாததால் மெல்லப் பிடித்தாள். படகு ஆடியது, பூக்கள் சிதறி வெகுதூரம் போயின, வெயில் ஏறியது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மூன்று பேருக்கும் தெரியாது.

“அக்கா, பசிக்குது,” என்றாள் ஜெசிந்தா.

பல்தசார் தன் பைக்குள் துழாவி ஒரு காகிதப் பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். நான்கு பன் இருந்தது. அலைத்துளி பட்டு மேலெல்லாம் நனைந்து போயிருந்தது. ஜெசிந்தா ஒன்றை எடுத்துக் கடித்து, மென்று, முகத்தைச் சுளித்தாள்.

“உப்பா இருக்கு.”

பிறகு இன்னொன்று கேட்டாள்.